பொருந்தாத செருகுநிரல்கள்: லினக்ஸ் மேசைத்தளத்தில் பதிப்பு முரண்பாடுகள் குறித்து ஓர் ஆய்வு

இயக்குதளத்தைப் புதுப்பித்த பிறகு கிம்ப்பைத் திறந்தால், பல வருடங்களாகக் கைக்குப் பழகிய வடிகட்டி பட்டியலில் இல்லை. க்னோம் மேற்பட்டையில் இருந்த நீட்சியைக் காணோம். திரைப்பதிவு மென்பொருளில் சேர்த்து வைத்திருந்த கருவி ஏற மறுக்கிறது. எல்லா இடத்திலும் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறது. ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் ஆங்கில எழுத்தே விழுகிறது. வெவ்வேறு கோளாறுகளாகத் தெரியும் இவற்றுக்கு வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: தாய் மென்பொருளும் அதனுள் ஏற்றப்படும் செருகுநிரலும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பதிப்புகளாக இருப்பது.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் முதலில் செருகுநிரலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பலன் இல்லாவிட்டால் மென்பொருளையே நீக்கி நிறுவுகிறார்கள். அதுவும் கைகொடுக்காதபோது லினக்ஸே இப்படித்தான் என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்புக்கு அவசியமில்லை. முரண்பாடு எத்தனை விதமாக வெளிப்பட்டாலும் காரணங்கள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். அந்த வகைகளையும், கண்டறியும் ஒழுங்கையும், இந்தச் சிக்கலைக் குறைக்கும் வடிவமைப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் மையக் கருத்து எளிமையானது: பதிப்பு எண்ணைப் பார்ப்பதற்கு முன், மென்பொருளும் செருகுநிரலும் எந்த வழியாகக் கணினிக்குள் வந்தன என்று பார்க்க வேண்டும். வழி தெரிந்துவிட்டால் எண் தானாகவே பொருள் தரும்.

பொருத்தத்தின் மூன்று அடுக்குகள்

செருகுநிரல் பொருந்துகிறது என்றால் மூன்று அடுக்குகளில் பொருந்த வேண்டும்.

முதலாவது, நிரல் இடைமுகம். தாய் மென்பொருள் எந்தச் செயற்கூறுகளை எந்தப் பெயரில் திறந்து வைத்திருக்கிறது என்பது இது. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதிய செருகுநிரல்கள் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் முறிகின்றன. அழைத்த பெயர் இல்லை, அல்லது பெயர் இருக்கிறது, கேட்கும் தரவு மாறிவிட்டது.

இரண்டாவது, இருமநிலை இடைமுகம். சி, சி++ மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்த செருகுநிரல், மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்படுகிறது. அங்கே பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. தரவுக் கட்டமைப்பின் அளவும் வரிசையும்கூடப் பொருந்த வேண்டும். 2015இல் வந்த ஜிசிசி 5 கம்பைலர், சி++ சரங்களின் உள்ளமைப்பை மாற்றியது. மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறாத நிரல்கள், பழைய முறையில் கட்டிய நூலகங்களோடு சேர முடியாமல் நின்றன. அதுபோல ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தின், 2021இல் வெளியான 2.34 பதிப்பை வைத்துக் கட்டிய நிரல், அதைவிடப் பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது. ஜிலிப்சி பின்னோக்கிப் பொருந்துமே தவிர முன்னோக்கிப் பொருந்தாது.

மூன்றாவது, அறிவிப்பு. செருகுநிரல் தன்னோடு கொண்டுவரும் விவரக் கோப்பில், தான் எந்தப் பதிப்புகளுக்கு உரியது என்று எழுதியிருக்கும். க்னோம் நீட்சிகள் தாம் ஆதரிக்கும் ஷெல் பதிப்புகளைப் பட்டியலிடுகின்றன. க்யூஜிஐஎஸ் செருகுநிரல்கள் குறைந்தபட்சப் பதிப்பையும் அதிகபட்சப் பதிப்பையும் குறிக்கின்றன. இந்த அறிவிப்பு உண்மையாக இருக்கலாம், எழுதியவர் புதுப்பிக்க மறந்ததாகவும் இருக்கலாம். உள்ளே எல்லாம் பொருந்தியும் அறிவிப்பு மட்டும் தடுக்கும் நேரங்கள் உண்டு. அறிவிப்பு அனுமதித்தும் உள்ளே முறியும் நேரங்களும் உண்டு. எந்த அடுக்கில் முறிவு என்று பிரித்துப் பார்ப்பதே பாதி மருத்துவம்.

நான்கு கைகள், நான்கு நாட்காட்டிகள்

லினக்ஸ் கருநிரல், பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதைக் கடுமையான விதியாக வைத்திருக்கிறது. ஆனால் மேசைத்தளத்தின் மேலடுக்குகளில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. அங்கே மென்பொருளை ஒருவர் எழுதுகிறார். அது நிற்கும் ஜிடிகே, க்யூடி போன்ற கருவித்தொகுதிகளை வேறொருவர் பராமரிக்கிறார். செருகுநிரலைத் தன் ஓய்வு நேரத்தில் மூன்றாமவர் எழுதுகிறார். இவற்றையெல்லாம் கட்டி நம் கைக்குத் தருவது டெபியன், ஃபெடோரா, ஆர்ச் போன்ற வழங்கல்கள்.

நால்வருக்கும் நாட்காட்டி வேறு. க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதுப் பதிப்பு தருகிறது. டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. கிம்ப் 2.10 வந்தது 2018 ஏப்ரலில், 3.0 வந்தது 2025 மார்ச்சில். செருகுநிரல் எழுதியவருக்கு நாட்காட்டியே இல்லை. இந்த நாட்காட்டிகள் ஒத்துப்போகாத இடைவெளியில்தான் முரண்பாடு பிறக்கிறது. இதில் யாரையும் அலட்சியக்காரர் என்று குற்றம் சாட்ட முடியாது.

முதல் வகை: தெரிந்தே செய்த முறிவு

தாய் மென்பொருள் தன் அடித்தளத்தையே மாற்றும்போது பழைய செருகுநிரல்கள் ஒட்டுமொத்தமாக நின்றுவிடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பரில் 57ஆம் பதிப்போடு பழைய வகைத் துணைநிரல்களைக் கைவிட்டது. தண்டர்பேர்ட் 2020இல் 78ஆம் பதிப்பில் அதையே செய்தது. மின்னஞ்சல் மறையாக்கத்துக்குப் பலர் நம்பியிருந்த எனிக்மெயில் துணைநிரலின் வேலையை அப்போது மென்பொருளே ஏற்றுக்கொண்டது. ஓபிஎஸ் ஸ்டுடியோ 2022இல் 28ஆம் பதிப்பில் க்யூடி 6க்கு மாறியதும் க்யூடி 5ஐ நம்பிக் கட்டிய செருகுநிரல்கள் நின்றன. கேடிஇ பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியில் வந்தபோது பிளாஸ்மா 5இன் விட்ஜெட்டுகளை எழுதியவர்கள் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இவற்றில் கிம்ப்பின் கதை விரிவாகப் பார்க்கத் தக்கது. கிம்ப் 2.10இன் பைத்தான் செருகுநிரல்கள் பைத்தான் 2ஐச் சார்ந்தவை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி, கிம்ப்பின் எண் மாறாமலேயே உபுண்டு 20.04இல் அதன் பைத்தான் பகுதி களஞ்சியத்திலிருந்து வெளியேறியது. 2.10 என்ற அதே எண், ஓரிடத்தில் பைத்தானோடும் இன்னோரிடத்தில் பைத்தான் இல்லாமலும் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்துக் குழம்பியவர்கள் அப்போது ஏராளம்.

பிறகு டெபியன் 12இல் கிம்ப் 2.10 வைத்திருந்தவர், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு மாறியதும் கிம்ப் 3.0 பெறுகிறார். அமைப்புக் கோப்புறை 2.10 என்ற பெயரிலிருந்து 3.0 என்ற பெயருக்கு மாறிவிடுகிறது. பழைய கோப்பைப் புதிய கோப்புறைக்கு நகலெடுத்தால் போதும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் 3.0இல் ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரையே கொண்ட துணைக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும். கோப்புக்கு இயக்கும் அனுமதியும் வேண்டும். இரண்டையும் சரிசெய்த பிறகும் பழைய பைத்தான் நிரல் ஓடாது. பழைய கிம்ப் தொகுதியை அழைக்கும் முதல் வரியிலேயே நின்றுவிடும். அது பைத்தான் 3க்கும் புதிய இடைமுகத்துக்கும் ஏற்ப எழுதப்பட வேண்டும். இங்கே பயனர் செய்ய வேண்டியது புதிய வடிவம் வந்திருக்கிறதா என்று தேடுவது. ஜிமிக் போன்ற பெரிய செருகுநிரல்களுக்கு வந்திருக்கிறது. வராதவற்றுக்கு மாற்று தேட வேண்டும், அல்லது அந்த வேலைக்காக மட்டும் 2.10ஐத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

க்னோம் 45ஆம் பதிப்பும் இந்த வகைதான். 2023 செப்டம்பரில் அது நீட்சிகள் தொகுதிகளை இறக்குமதி செய்யும் முறையையே மாற்றியது. 44 வரைக்கும் எழுதிய நீட்சி 45இல் ஓடாது. 45க்கு எழுதியது 44இல் ஓடாது. விவரக் கோப்பில் எண்ணை மட்டும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 45இலிருந்து 46க்கு அது சில நேரம் கைகொடுக்கும். 44இலிருந்து 45க்கு ஒருபோதும் கைகொடுக்காது. முதல் சந்தர்ப்பத்தில் அறிவிப்பு மட்டும் பழையதாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவதில் இடைமுகமே வேறு.

இரண்டாம் வகை: ஒரே பெயரில் இரண்டு பிரதிகள்

பயனரின் வீட்டுக் கோப்புறையில் ஒரு பிரதி, கணினியின் பொதுக் கோப்புறையில் இன்னொரு பிரதி. இந்த வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்; கண்டுபிடித்துவிட்டால் தீர்ப்பது மிக எளிது. க்னோம் நீட்சி ஒன்றை இணையவழியாக நிறுவினால் அது வீட்டுக் கோப்புறைக்குப் போகிறது. அதே நீட்சியை வழங்கலும் தன் தொகுப்பாகத் தரக்கூடும். இரண்டும் இருந்தால் வீட்டுக் கோப்புறையில் இருப்பதே ஏற்றப்படும். வழங்கலின் பிரதியை எத்தனை முறை புதுப்பித்தாலும் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

பைத்தான் உலகில் இதற்குப் பேர்பெற்ற உதாரணம் ஓப்பன்சிவி. பிப் என்ற பைத்தான் தொகுப்பு நிறுவி வழியாக வரும் ஓப்பன்சிவி தனக்கென்று ஒரு க்யூடியைக் கூடவே கொண்டுவருகிறது. பைக்யூடியும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. ஒரே நிரலில் இரண்டும் சேரும்போது, சாளரம் வரையும் எக்ஸ்சிபி செருகுநிரல் கண்டறியப்பட்டும் ஏற்ற முடியவில்லை என்ற பிழை வந்து நிரல் நின்றுவிடும். செருகுநிரலைக் காணவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி நிறுவுவது வீண். அந்தப் பிழைச் செய்தியே அது கண்டறியப்பட்டது என்று சொல்கிறது. சாளரம் தேவைப்படாத வேலைகளுக்கு, க்யூடி இல்லாமல் கட்டப்பட்ட ஓப்பன்சிவி தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது. அதை நிறுவினால் மோதல் தீர்ந்துவிடும்.

மூன்றாம் வகை: கலந்துபோன களஞ்சியங்கள்

ஓப்பன்சூசே பயனர்கள் இதை நன்கு அறிவார்கள். காப்புரிமைச் சிக்கல் காரணமாக அந்த வழங்கல் தன் களஞ்சியத்தில் எல்லாக் காணொலிக் கோடெக்குகளையும் தருவதில்லை. முழுமையானவை பேக்மேன் என்ற சமூகக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஜிஸ்ட்ரீமர் என்ற பல்லூடக அமைப்பின் மையப்பகுதி ஓரிடத்திலிருந்தும் செருகுநிரல்கள் இன்னோரிடத்திலிருந்தும் வந்து நின்றால் காணொலி ஓடாமல் போகலாம். தீர்வு, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எல்லாத் தொகுப்புகளையும் ஒரே களஞ்சியத்துக்கு மாற்றுவது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷனைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆர்ச் லினக்ஸில் இதன் இன்னொரு முகம் பகுதிப் புதுப்பிப்பு. களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு தொகுப்பை மட்டும் நிறுவினால், அது புதிய நூலகங்களை எதிர்பார்க்கும். மற்றவை பழையதிலேயே இருக்கும். இதை ஆதரிப்பதில்லை என்று ஆர்ச் வெளிப்படையாகவே சொல்கிறது.

ஃப்ளாட்பேக் வந்த பிறகு இந்த வகைக்குப் புதிய கிளை முளைத்திருக்கிறது. ஃப்ளாட்பேக்கில் ஓடும் மென்பொருளுக்குக் கணினியின் பொது நூலகக் கோப்புறை தெரியாது. தனக்கென்று தரப்பட்ட இயக்கச்சூழல்தான் தெரியும். ஆகவே வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவிய கிம்ப் செருகுநிரல், ஃப்ளாட்பேக் கிம்ப்பின் கண்ணில் படாது. அதற்குரிய ஃப்ளாட்பேக் நீட்டிப்பை, அதுவும் பொருந்தும் கிளையிலிருந்து, நிறுவ வேண்டும். என்விடியா வரைகலை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையானது: கருநிரலில் ஓடும் இயக்கியின் பதிப்பும் ஃப்ளாட்பேக்குக்குள் இருக்கும் வரைகலை நீட்டிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியை மட்டும் புதுப்பித்து ஃப்ளாட்பேக்கைப் புதுப்பிக்காமல் விட்டால் முப்பரிமாண வேகம் போய்விடும்.

நான்காம் வகை: பழைய பதிவேடு

சில மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் எல்லாச் செருகுநிரல்களையும் திறந்து பார்ப்பதில்லை. ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்த பதிவேட்டை நம்புகின்றன. ஜிஸ்ட்ரீமர் பயனரின் தற்காலிகச் சேமிப்புக் கோப்புறையில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறது. விஎல்சியிடமும் கிம்ப்பிடமும் ஒன்று உண்டு. ஒருமுறை ஏறத் தவறிய செருகுநிரலை ஜிஸ்ட்ரீமர் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். காரணமான நூலகத்தைப் பிறகு நிறுவினாலும் சில வேளை விலக்கு நீடிக்கும். பதிவேட்டுக் கோப்பை அழித்துவிட்டால் ஜிஸ்ட்ரீமரும் கிம்ப்பும் அடுத்த முறை தாமே புதிதாக எழுதிக்கொள்ளும். அழிப்பதால் இழப்பு எதுவும் இல்லை என்பதால், சந்தேகம் வந்தால் துணிந்து செய்யக்கூடிய காரியம் இது.

தமிழ்த் தட்டச்சு: அருகில் வைத்துப் பார்க்க ஒரு வழக்கு

தமிழ் எழுதுபவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் செருகுநிரல் ஒன்று உண்டு. ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் என்ற உள்ளீட்டு அமைப்பு வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை இயக்கும்போது, நாம் அடிக்கும் விசை பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ஏற்றப்பட்ட ஓர் உள்ளீட்டுச் செருகுநிரல் வழியாகவே போகிறது. ஜிடிகே 3க்கு ஒன்று, ஜிடிகே 4க்கு ஒன்று, க்யூடி 5க்கு ஒன்று, க்யூடி 6க்கு ஒன்று என்று அவை தனித்தனியானவை.

எஃப்சிடிக்ஸ் வைத்திருக்கும் ஒருவர், க்யூடியில் எழுதிய ஒரு மென்பொருளை ஆப்இமேஜ் வடிவில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு மேலாளரில் தமிழ் வருகிறது, உலாவியில் வருகிறது. இதில் மட்டும் வரவில்லை. தட்டச்சு அமைப்பில் தவறு இல்லை. ஆப்இமேஜ் தன் க்யூடியைத் தானே சுமந்து வந்திருக்கிறது; அந்த க்யூடி தன் செருகுநிரல் கோப்புறைக்குள் மட்டுமே தேடுகிறது; அங்கே எஃப்சிடிக்ஸுக்கு உரியது இல்லை. கணினியில் இருப்பதை அங்கே நகலெடுத்து வைப்பதும் நிச்சயமான வழி அல்ல. உயர்ந்த பதிப்பு க்யூடியில் கட்டிய செருகுநிரலைத் தாழ்ந்த பதிப்பு ஏற்காது. போதாக்குறைக்கு, உள்ளீட்டுச் செருகுநிரல்கள் க்யூடியின் பொதுவில் உறுதியளிக்கப்படாத உள் இடைமுகத்தைப் பயன்படுத்துபவை. ஆகவே சிறு பதிப்பு வேறுபாடும் முறிக்கலாம்.

நல்ல வேளையாக, ஐபஸுக்கான செருகுநிரல் க்யூடியோடே வருவதால் பெரும்பாலான ஆப்இமேஜ்களில் அது இருக்கும். எஃப்சிடிக்ஸும் ஐபஸின் மொழியைப் புரிந்துகொள்ளும். அந்த ஒரு மென்பொருளை மட்டும், க்யூடியின் உள்ளீட்டு முறையைக் குறிக்கும் சூழல் மாறியில் ஐபஸ் என்று கொடுத்துத் தொடங்கினால் தமிழ் வந்துவிடும். எந்தப் பிரதி எந்தக் கோப்புறையில் தேடுகிறது என்ற கேள்வியைக் கேட்டிராவிட்டால், விசைப்பலகை அமைப்பையே சுற்றிச் சுற்றி மாற்றிக்கொண்டிருப்போம்.

கண்டறியும் ஒழுங்கு

மேலே கண்ட வகைகளிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. எளியதும் தீங்கற்றதும் முன்னால், கடினமானவை பின்னால்.

முதலில் வழி. மென்பொருள் வழங்கலின் தொகுப்பா, ஃப்ளாட்பேக்கா, ஸ்னாப்பா, ஆப்இமேஜா? செருகுநிரல் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தத் தொகுப்புக்குச் சொந்தம்? ஒவ்வொரு வழங்கலின் தொகுப்பு மேலாளரிடமும் இதைக் கேட்கும் கட்டளை உண்டு. எந்தத் தொகுப்புக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால், அதை நாமோ ஏதோ ஒரு நிறுவியோ கையால் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, மென்பொருளை டெர்மினலிலிருந்து தொடங்கி, வரும் செய்திகளில் முதல் பிழையைப் படிக்க வேண்டும். கடைசிப் பிழை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுதான். ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்றால் இருமநிலை அடுக்கில் முறிவு. ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை என்றால் செருகுநிரலைப் புதிய கணினியில் கட்டியிருக்கிறார்கள். பைத்தான் தொகுதி இல்லை என்றால் நிரல் இடைமுகத்தில் முறிவு. க்னோம் நீட்சிகளின் பிழைகள் சிஸ்டம்டியின் நிகழ்வுக் குறிப்பில் விழும். க்யூடி, செருகுநிரல் தேடும் ஒவ்வொரு படியையும் அச்சிடும் ஒரு சூழல் மாறியை வைத்திருக்கிறது. ஜிஸ்ட்ரீமர் விலக்கிவைத்தவற்றைப் பட்டியலிடும் கருவியும் உண்டு.

மூன்றாவது, கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் முயல்வது. அங்கே வேலை செய்தால் கோளாறு நம் வீட்டுக் கோப்புறையில் இருக்கிறது: பழைய பிரதி, பழைய பதிவேடு, பழைய அமைப்பு. அங்கேயும் வேலை செய்யவில்லையென்றால் கோளாறு பொதுவில் நிறுவியவற்றில் இருக்கிறது. தேட வேண்டிய பரப்பை இவ்வளவு விரைவாகப் பாதியாக்கும் சோதனை வேறு இல்லை.

நான்காவது, செருகுநிரல் பதிவேட்டை அழிப்பது. ஐந்தாவதாகத்தான் பதிப்பு எண்களை ஒப்பிடுவது.

தீர்க்கும்போது இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுப்பதே நிலைத்த வழி. அவசரத்துக்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஓப்பன்சூசேயின் ஸ்னாப்பரும் மின்ட்டின் டைம்ஷிஃப்ட்டும் இதற்கு உதவும். டெபியன் வகைகளில் ஒரு தொகுப்பைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைக்க முடியும். நிறுத்திவைத்ததை மறந்துவிட்டால் அதுவே பாதுகாப்புத் திருத்தங்களைத் தடுத்து நிற்கும். ஆகவே அதைத் தற்காலிகக் கட்டாகவே கருத வேண்டும். பிழைச் செய்தி கேட்கும் நூலகத்தைத் தேடிப்பிடித்துப் பொதுக் கோப்புறையில் கையால் போடுவதும், ஒரு பெயரை இன்னொரு பதிப்புக்கு இணைப்பாகக் காட்டுவதும் கூடவே கூடாது. அது ஒரு செருகுநிரலின் கோளாறைக் கணினி முழுவதற்கும் பரப்பும்.

எந்த வடிவமைப்பு நல்லது?

பயனர் ஒழுங்காகத் தேடினால் போதும் என்று விட்டுவிடுவது நியாயம் ஆகாது. முரண்பாடு வந்தால் உடனே, தெளிவாகச் சொல்லும் மென்பொருள்களும் இருக்கின்றன. வயர்ஷார்க் தன் செருகுநிரல் கோப்புறையையே பதிப்பு எண்ணோடு அமைத்திருக்கிறது. செருகுநிரலும் எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டது என்பதைத் தன்னுள் சுமக்கிறது. பொருந்தாவிட்டால் மென்பொருள் காரணத்தோடு மறுக்கிறது. ஒலிச் செருகுநிரல்களுக்கான எல்வி2 தரம் இன்னும் நுட்பமானது: பழைய திட்டங்களை உடைக்கும் மாற்றம் செய்தால் செருகுநிரலின் அடையாள முகவரியையே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் வேறு வேறு பொருள்களாக அருகருகே இருக்கலாம். சில வருடங்களுக்கு முன் பதிந்த பாடலின் திட்டக்கோப்பு, புதிய செருகுநிரல் வந்ததால் கெட்டுப்போவதில்லை.

க்னோமின் அனுபவம் எதிர்ப்பக்கத்திலிருந்து பாடம் தருகிறது. பதிப்புச் சோதனையை அது சில ஆண்டுகள் இயல்பாக அணைத்து வைத்திருந்தது. 40ஆம் பதிப்பில் மீண்டும் இயல்பாக்கியது. பயனர்கள் பலர் இதைக் கெடுபிடியாகப் பார்த்தார்கள். ஆனால் க்னோம் நீட்சிகள் ஷெல்லின் உள்ளேயே ஓடுகின்றன; வேலாண்ட் காட்சி முறையில் ஷெல் விழுந்தால் திறந்திருந்த அமர்வு முழுவதும் போய்விடும். சேமிக்காத வேலை அழிவதைவிட ஒரு நீட்சி ஏற மறுப்பது மேல். பொருந்தாததை மௌனமாக ஏற்றிக்கொள்ளும் மென்பொருளை நான் நல்ல வடிவமைப்பு என்று ஏற்க மாட்டேன். காரணம் சொல்லாமல் மறுப்பதும் அதே அளவு குறைதான். கோப்பின் பாதை, எதிர்பார்த்த பதிப்பு, கிடைத்த பதிப்பு ஆகிய மூன்றும் உள்ள ஒரு வரி எத்தனையோ பயனர்களின் மாலைப்பொழுதுகளைக் காப்பாற்றும்.

முடிவுரை

செருகுநிரல்கள் கட்டற்ற மென்பொருளின் பெரிய பலம். தாய் மென்பொருளின் ஆசிரியரிடம் அனுமதி கேட்காமல் எவரும் அதை வளர்க்க முடிகிறது. கிம்ப்புக்கு வடிகட்டி எழுதியவரும் லினக்ஸில் தமிழ் விசைப்பலகை ஓட வழிசெய்தவர்களும் அந்தச் சுதந்திரத்தால்தான் எழுதினார்கள். பதிப்பு முரண்பாடு அந்தச் சுதந்திரத்தோடு வரும் செலவு. அதை ஒழிக்க முடியாது, குறைக்க முடியும்.

குறைப்பதில் மூன்று தரப்புக்கும் பங்கு உண்டு. மென்பொருள் எழுதுபவர்கள் இடைமுகத்தை மாற்றும்போது முன்கூட்டியே அறிவித்து, பொருந்தாததைக் காரணத்தோடு மறுக்க வேண்டும். செருகுநிரல் எழுதுபவர்கள் சோதித்துப் பார்த்த பதிப்புகளை மட்டும் விவரக் கோப்பில் குறிக்க வேண்டும். பயனர்கள் வழுவை அறிவிக்கும்போது பதிப்பு எண்ணோடு, மென்பொருளும் செருகுநிரலும் வந்த வழியையும் முதல் பிழை வரியையும் சேர்த்து எழுத வேண்டும். சம்பளமில்லாமல் பராமரிக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு விவரங்கள் கிடைத்தால், கேள்விகள் கேட்டே கழியும் நாட்கள் மிச்சமாகி, அவர் நேரடியாகத் திருத்தத்தைத் தொடங்கலாம்.